காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஐடி கம்பெனி கேன்டீனுக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். வயது முப்பத்தைந்து, முப்பத்தாறு. மூன்று வருடம் முன்புவரை தொப்பையும் முதுகுவலியுமாக இருந்தவர். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோய் ஜிம்மில் சேர்ந்தார். இருபது கிலோ இறங்கியது. இப்போது மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் கேட்கிறார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை முட்டை?" "என் மச்சானுக்கு ஒரு டயட் போட்டுக் கொடுங்களேன்." அப்ரைசல் சொதப்பிய ஒரு மாதத்தில் அவருக்கு யோசனை வருகிறது. பேசாமல் பர்சனல் ட்ரெய்னர் ஆகிவிட்டால் என்ன?

இந்த யோசனையோடு என்னிடம் பேசியவர்கள் மூன்று பேர். மூவரும் முதலில் கேட்டது, எந்த சர்ட்டிஃபிகேட் வாங்கலாம் என்பதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தனியாக ஒரு ட்ரெய்னர் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பணம் இருப்பவர் பெரும்பாலும் வேலைக்கோ வியாபாரத்துக்கோ போகிறவர். அவருக்கு ஓய்வு கிடைப்பது ஆபீஸ் கிளம்பும் முன்னும், வீடு திரும்பிய பின்னும். ஆக ட்ரெய்னர் விற்கக்கூடிய சரக்கு காலை ஐந்தரை முதல் ஒன்பதரை, மாலை ஐந்தரை முதல் ஒன்பதரை. எட்டு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 48. ஒரு ஆள் வாரத்துக்கு மூன்று முறை வந்தால் 16 பேர். அத்தோடு கடை நிரம்பிவிட்டது. மளிகைக் கடைக்காரர் தீபாவளிக்குக் கூடுதலாக இரண்டு மூட்டை இறக்கிக்கொள்ளலாம். ட்ரெய்னரால் காலை ஏழு மணியை இரண்டாக ஆக்க முடியாது.

அந்தப் பதினாறும் காகிதத்தில்தான். எல்லோருக்கும் வேண்டியது ஆறு மணியும் ஏழு மணியும். ஐந்தரைக்கு வருகிறேன் என்பவர் இரண்டாம் வாரம் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவார். நல்ல கை உள்ள ட்ரெய்னருக்குப் பதினோரு பேர் நிலையாக இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: பன்னிரண்டு செஷனுக்கு ஒருவர் கட்டுவது 9,000 ரூபாய், அதில் பாதி ஜிம்முக்கு. மீதி 4,500, பெருக்கல் பதினொன்று, 49,500 ரூபாய். ஊருக்கு ஊர், ஜிம்முக்கு ஜிம் இந்த எண்கள் மாறும். கணக்கின் வடிவம் மாறாது. மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிச் சம்பளம் வாங்கி, அதில் வீட்டுக் கடனும் ஸ்கூல் ஃபீஸும் கட்டுகிறவர் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் காட்டிவிட்டு, அப்புறம் மேலே படிக்கலாம்.

ஜிம்மை விட்டு வீடுகளுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தால் முழுப் பணமும் கையில் நிற்கும். ஆனால் வேளச்சேரியில் ஏழு மணிக்கு முடித்துவிட்டு பெசன்ட் நகரில் ஏழரைக்கு நிற்க வேண்டும். வழியில் போகும் அரை மணிக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். காலை நாலு மணி நேரத்தில் மூன்று வீடு, மாலையில் மூன்று வீடு. பதினாறு பன்னிரண்டாகிறது. அப்படியும் வருமானம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு வீட்டின் கதவை யார் திறந்துவிடுவது? புதிதாக வருபவரைப் பத்துப் பேர் பார்க்கிற இடம் ஜிம் தளம் ஒன்றுதான். எங்கள் மெம்பரை வெளியே கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று பல ஜிம்கள் சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்வதும் இதனால்தான்.

ஆகவே எல்லோரும் தொடங்குவது ஃப்ளோர் ட்ரெய்னராக. சின்னச் சம்பளம், எட்டு மணி நேர ஷிஃப்ட், அதிலும் பாதி காலை பாதி மாலை. வெயிட்டை எடுத்து அதன் இடத்தில் வைப்பது, புதிதாக வந்தவருக்கு ட்ரெட்மில்லைக் காட்டுவது, "சார், பி.டி. எடுத்தா மூணு மாசத்துல ரிசல்ட் தெரியும்" என்று பேச்சுக் கொடுப்பது. பி.டி. என்பது பர்சனல் ட்ரெய்னிங். அதற்கு மாத டார்கெட் உண்டு. டார்கெட்டுக்குப் பயந்து ஐடியை விட்டவருக்கு இது முதல் அதிர்ச்சி. அங்கே ஸ்பிரெட்ஷீட்டில் இருந்த டார்கெட் இங்கே வியர்வையோடு எதிரில் நின்று, "வீட்ல கேட்டுச் சொல்றேன் மாஸ்டர்" என்கிறது.

இந்தத் தொழிலுக்குப் பஞ்சாங்கமும் உண்டு. ஜனவரியில் நிற்க இடம் இருக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு வந்தால் அம்மாக்கள் காணாமல் போவார்கள். மே மாதம் பாதிப் பேர் சொந்த ஊரில். முகூர்த்த மாதங்களுக்கு மூன்று மாதம் முன்னால் கல்யாண மாப்பிள்ளைகளும் பெண்களும் வருவார்கள், தாலி ஏறிய மறுநாள் நின்றுவிடுவார்கள். புரட்டாசியில் கோழி நிற்கும், கார்த்திகையில் மாலை போட்டவருக்கு முட்டையும் நிற்கும். பயறு, பனீர், சோயா என்று புரதக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது.

சரி, சர்ட்டிஃபிகேட்.

இந்தியாவில் ஒருவர் ஃபிட்னஸ் ட்ரெய்னர் ஆக அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிசியோதெரபிஸ்ட்டையும் உணவியல் நிபுணரையும் உள்ளே கொண்டுவந்தது. ஜிம் ட்ரெய்னர் அதில் இல்லை. நாளைக் காலையே டி-ஷர்ட் முதுகில் 'கோச்' என்று அச்சடித்துக்கொண்டு நிற்க எந்தச் சட்டமும் தடை சொல்லாது. நுழைவது இவ்வளவு சுலபம் என்பதால்தான் கூட்டமும் அதிகம், ஒருவர் தன் தகுதியைக் காட்டிக்கொள்ளத் தாளும் தேவைப்படுகிறது.

பெரிய ஜிம்கள் மதிப்பவை பெரும்பாலும் அமெரிக்கச் சான்றிதழ்கள். 1985ல் தொடங்கிய ஏ.சி.இ. (அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ்), 1987ல் தொடங்கிய என்.ஏ.எஸ்.எம். (நேஷனல் அகாடமி ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்) இரண்டும் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். ஏ.சி.இ. தேர்வில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம், 800க்கு 500 எடுத்தால் தேர்ச்சி. என்.ஏ.எஸ்.எம்.மில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். இரண்டுக்கும் இதய முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், இரண்டையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உள்நாட்டில் மும்பையின் கே11 போன்ற பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்புக்குள் விளையாட்டுக்கும் உடற்தகுதிக்கும் தனிக் கவுன்சில் ஒன்று ட்ரெய்னர் வேலைக்கான தகுதிகளை வரையறுத்து வைத்திருக்கிறது.

நம் ஊரில் உடற்கல்விக்கு நூறு வருடச் சரித்திரம் உண்டு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920ல் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் அவரே. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் பி.பி.எட். என்பது பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான இரண்டு வருடப் படிப்பு. முப்பத்தாறு வயதில் ஜிம்முக்குப் போக நினைப்பவருக்கு அவ்வளவு நீண்ட பாதை வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு வழி இருந்தது, இன்னும் இருக்கிறது. வடசென்னையிலும் மதுரையிலும் தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் பழைய உடற்பயிற்சிக் கூடங்கள். ஒரு காலத்தில் ஆணழகன் போட்டியில் நின்ற மாஸ்டர் ஒருவர், துருப்பிடித்த பார்பெல், மூலையில் ஒரு கர்லாக்கட்டை, சுவரில் அனுமார் படம். அங்கே பத்து வருடம் தண்டாலும் பஸ்கியும் எடுத்துவிட்டு மாஸ்டருக்குப் பதிலாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர்களில் சிலருடைய கண், ஆங்கிலத்தில் தேர்வு எழுதியவர்களின் கண்ணைவிடக் கூர்மை. முழங்கால் உள்ளே மடங்குவதைத் தூரத்திலிருந்தே பிடித்துவிடுவார்கள். எனக்கு ஒரு முறை முதுகு பிடித்துக்கொண்டது குளிர்சாதன வசதியுள்ள ஒரு ஜிம்மில், சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டியிருந்தவரின் மேற்பார்வையில். முதல் நாளே டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து வெயிட்டைத் தூக்கும் பயிற்சி. போகட்டும்.

அப்படியானால் படிப்பு எதற்கு? பெஞ்ச் பிரஸ்ஸைக் கற்றுக்கொள்ள யூடியூப் போதும். படிப்பு உதவுவது வேறு இடத்தில். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் ரத்தக்கொதிப்புக்கு மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார். 220ல் வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்று இதயத் துடிப்பைக் குறிக்கும் பழைய சூத்திரம் அவரிடம் செல்லாது, ஏனென்றால் அந்த மாத்திரை துடிப்பையே ஏறவிடாது. கையில் கட்டிய வாட்ச் 110 என்று காட்டும்போது மனிதர் தவித்துக்கொண்டிருப்பார். அவரை அவருடைய மூச்சை வைத்து அளக்க வேண்டும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். ஸ்வீடனின் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையான சிரம அளவுகோலும் இதற்காகத்தான். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் வந்து செட் அடித்தால் சர்க்கரை தாழ்ந்து கண் இருட்டும், பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். இதெல்லாம் சட்டென்று நினைவுக்கு வரவேண்டிய விஷயங்கள்.

இது அபூர்வமான வாடிக்கையாளர் கதையும் இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இன்டியாப் ஆய்வு 2023ல் வெளியானபோது நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் என்று கணித்தது. வாசலில் வந்து நிற்பது சிக்ஸ் பேக் கேட்கும் கல்லூரிப் பையன் என்று நினைத்துக்கொண்டு வருபவர் ஏமாந்துபோவார். பையனிடம் பி.டி.க்குப் பணம் இருக்காது. பணம் உள்ளவரிடம் மாத்திரைப் பெட்டியும் இருக்கும்.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில், உடற்பயிற்சிக்குப் பின் வந்த மாரடைப்பில் இறந்த பிறகு ஜிம் என்றாலே வீட்டில் உள்ளவர்கள் பயந்தார்கள். 2023ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்தவர்களை எடுத்துப் பார்த்தது. குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, கோவிட்டுக்காக மருத்துவமனையில் இருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, அதே 48 மணி நேரத்தில் கடுமையாக உடலை வருத்தியது ஆகியவை ஆபத்தோடு சேர்ந்து காணப்பட்டன. ஞாயிறு இரவு பார்ட்டி முடித்துவிட்டுத் திங்கள் காலை சிவந்த கண்ணோடு வந்து, "இன்னைக்கு டபுளா அடிக்கலாம் மாஸ்டர்" என்பவரை நடக்க மட்டும் வைத்து அனுப்பத் தெரிந்தவர்தான் ட்ரெய்னர். சேரும்போது நிரப்பச் சொல்லும் ஏழு கேள்விப் படிவம் ஒன்று கனடாவில் உருவானது. நெஞ்சுவலி உண்டா, மயக்கம் வருமா என்று ஆம், இல்லை போடும் தாள். முன்மேசையில் அதைப் படிக்காமலே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டால் பத்து நிமிடம் ஆகும்.

நான் நேரில் பார்த்த ஒரு செஷனைச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. டாக்டர் பார்த்துவிட்டு நடக்கலாம், தசையை வலுப்படுத்துங்கள் என்று சொல்லியிருந்தார். எடை குறைக்க வேண்டுமா என்று ட்ரெய்னர் கேட்டார். "அதெல்லாம் வேணாம் தம்பி. பழனிப் படி ஏறணும். போன தடவை வின்ச்சுல போனேன், மனசே ஆறல."

ட்ரெய்னர் எந்த மெஷினையும் தொடவில்லை. வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் இரண்டு தலையணை. "உட்காருங்கம்மா. மெதுவா. ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லி இறங்குங்க. இப்போ கையை ஊணாம எழுந்திருங்க." எட்டு முறை. ஓய்வு. மறுபடி எட்டு. மூன்றாவது வாரம் ஒரு தலையணையை எடுத்தார். ஆறாவது வாரம் இரண்டாவதையும் எடுத்தார். அப்புறம் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. வாசல்படியில் ஏறி இறங்குவது தனியாக நடந்தது. இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை அதிகம் என்பதால் முதலில் ஏறுவது மட்டும், இறங்குவதற்குக் கைப்பிடி. சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போவது என்று பாடப்புத்தகம் நான்கு பக்கத்தில் சொல்லும் தத்துவம் முழுவதும் அந்தத் தலையணைகளில் இருந்தது. அம்மியும் தரையில் சாப்பாடும் இருந்தவரை நாளுக்கு முப்பது முறை தானாக நடந்த உடற்பயிற்சிதான் இது என்று அந்த அம்மாவே சொல்லிச் சிரித்தார்.

அந்த ட்ரெய்னர் பன்னிரண்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவர். ஒரு சின்ன நோட்டில் தேதி, எத்தனை முறை, வலி பத்துக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தார். பழைய வேலையின் பழக்கம் என்றார். தாமதமாக வருகிறவர்களுக்கு இருக்கும் சாதகமாக எனக்குத் தெரிவது இந்த மாதிரி விஷயம்தான். பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு எப்படி இறுகும், இரவு பதினோரு மணி அமெரிக்கா கான்ஃபரன்ஸ் காலுக்குப் பிறகு ஏன் பசிக்கும், மேனேஜர் திட்டிய நாளில் பரோட்டா எப்படிக் கூப்பிடும் என்பதெல்லாம் இருபத்திரண்டு வயது ஆணழகனுக்குத் தெரியாது. அவர் உடம்பைக் காட்டுவார், இவர் கதையைக் கேட்பார். முதல் பத்து வாடிக்கையாளரும் பழைய ஆபீஸிலிருந்தே வருவார்கள்.

ஆனால் இழப்பதும் உண்டு. தன்னுடைய உடற்பயிற்சி. ஆசையாக வந்த காரணமே அதுதான், முதலில் போவதும் அதுதான். நாள் முழுக்க மற்றவர் தூக்குவதை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, மதியம் இரண்டு மணிக்கு ஆளில்லாத ஜிம்மில் தனியாகப் பார்பெல்லைத் தொடும்போது பழைய சுகம் வருவதில்லை என்று பலரும் சொல்கிறார்கள்.

ஊசி, பவுடர் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். புரதப் பவுடர் டப்பா விற்றால் ட்ரெய்னருக்குக் கமிஷன் வரும் கடைகள் நிறைய. சின்னச் சம்பளத்தில் இருப்பவருக்கு அது பெரிய காசு. நல்ல பவுடராகவே இருந்தாலும், வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவரே விற்பவராகவும் இருந்தால் அந்த ஆலோசனைக்கு மதிப்பில்லை. சாதாரண ஆளுக்கு ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். வெயிட் தூக்குகிறவருக்குக் கூடுதல் வேண்டும், அதில் பெரும்பகுதியைச் சமையலறையிலிருந்தே எடுக்கலாம். ஸ்டீராய்டு ஊசியோ வேறு கதை. அது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. போட்டிக்கு நிற்கிறேன் என்று வரும் பையனுக்கு ஜிம் லாக்கரிலிருந்து எடுத்துக் கொடுப்பவரை மாஸ்டர் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

பெண்களுக்கு இந்தத் தொழிலில் கிராக்கி அதிகம், ஆட்கள் குறைவு. வீட்டுக்கு ஒரு ஆண் ட்ரெய்னர் வருவதை ஒப்புக்கொள்ளாத குடும்பங்கள் பெண் ட்ரெய்னரைத் தேடி அலைகின்றன. கணவரும் பிள்ளைகளும் கிளம்பிய பிறகு பத்து மணி முதல் பன்னிரண்டு வரை வீட்டில் இருக்கும் பெண்கள் வாடிக்கையாளர்கள் என்பதால், முன்னே சொன்ன எட்டு மணி நேரக் கூரை இவர்களுக்குக் கொஞ்சம் உயரம். அதே சமயம் காலை ஐந்தரைக்குத் தன் வீட்டில் யார் குழந்தைக்கு டிபன் கட்டுவது என்ற கேள்வி ஆண்களிடம் யாரும் கேட்காதது.

மரியாதை பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். ஆபீஸில் 'சார்' ஆக இருந்தவர் இங்கே 'தம்பி' ஆகிறார். பெண் பார்க்கப் போன இடத்தில், "ஜிம்ல இருக்காரா? அது சரி, வேலைக்கு எங்க போறார்?" என்று கேட்டதாக ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கசப்பு இருந்தது.

காகிதச் சங்கதிகள் சில. ஐந்து வருடம் முடித்த நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை உண்டு. நாலு வருடம் ஆறு மாதத்தில் ராஜினாமா எழுதுவது அசட்டுத்தனம். கம்பெனி மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும். சொந்தப் பாலிசி புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க நேரும் என்பதால், வேலையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும் உத்தேசம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுவது சுலபம். பிற்காலத்தில் சொந்தமாகச் சின்ன ஸ்டூடியோ திறப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. லட்சக்கணக்கில் மெஷின் வாங்கும்போது கட்டும் வரி செலவுக் கணக்கில்தான் ஏறும்.

என்னிடம் கேட்ட மூவருக்கும் நான் சொன்னது ஒன்றுதான். மூன்று மாதம், சனி ஞாயிறு மட்டும், பக்கத்து ஜிம்மில் காசு வாங்காமல்கூடப் பரவாயில்லை, தளத்தில் நில்லுங்கள். வார நாட்களில் நாலரைக்கு எழுந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரை, நண்பரையோ மச்சானையோ கணக்கில் சேர்க்காமல், முழுப் பணம் கட்ட வைத்து மூன்று மாதம் தக்கவைத்துக் காட்டுங்கள்.

ஒருவர் இரண்டாவது வாரமே நின்றுவிட்டார். ஒருவர் இன்னும் ஐடியில்தான் இருக்கிறார். சனி ஞாயிறு காலையில் தன் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார், வேலையை விடும் எண்ணம் இப்போது இல்லை. மூன்றாமவர் தலையணை நோட்டுக்காரர். போன மாதம் பேசியபோது பதினான்கு பேர் இருக்கிறார்கள் என்றார். இரவு ஒன்பதரைக்கு ஃபோனை வைத்துவிடுவேன், கோவித்துக்கொள்ளாதீர்கள், நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்றார்.